எந்தத் தத்துவத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது: எபிக்டெட்டஸா, எபிக்யூரஸா, பொவ்வாரா?

பக்தியில் மனம் ஒட்டாத ஒருவருக்கும், வாழ்க்கை நெருக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போவதா வேண்டாமா? அப்பாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று அவரிடம் சொல்வதா வேண்டாமா? இந்த மாதிரிக் கேள்விகள் வந்து நிற்கும்போதுதான் பலரும் தத்துவப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். அப்படிப் புரட்டுகிறவர்கள் கையில் இன்று அதிகம் அகப்படுபவை மூன்று. கிரேக்கத்திலும் ரோமிலும் வளர்ந்த ஸ்டோயிக் சிந்தனை, ஏதென்ஸில் எபிக்யூரஸ் தன் தோட்டத்தில் சொல்லிக்கொடுத்த சிந்தனை, இருபதாம் நூற்றாண்டுப் பிரான்சில் ழான்-பால் சார்த்தரும் சிமோன் தெ பொவ்வாரும் வளர்த்த, நம் பாதையை நாமே தேர்ந்தெடுத்து உண்டாக்க வேண்டும் என்னும் இருத்தலியம். சுதந்திரம், உறவு, சமூகம், சாவு ஆகிய நான்கையும் பற்றி இவை தெளிவாகப் பேசுகின்றன. மறுமையைக் காட்டிச் சமாதானம் சொல்வது இவற்றின் வழி இல்லை. ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று ஒருவர் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும்.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எது நம் மரண பயத்தைப் போக்கி மனதை அமைதியாக்குகிறது? எனக்கு அந்த அளவுகோலில் திருப்தி இல்லை. நம் சாவு நமக்கு ஒரு தடவைதான் வரும். வேண்டியவர்களின் சாவு பல தடவை வரும், ஒவ்வொரு தடவையும் அவர்களுக்காக நாம் முடிவெடுக்க வேண்டியும் வரும். ஆகவே நான் வைக்கும் சோதனை வேறு. நமக்கு வேண்டியவர் படுத்திருக்கும் கட்டிலருகே இந்தத் தத்துவம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது? சுதந்திரம், சமூகம் பற்றி அது சொல்வதன் தரமும் அந்த இடத்தில் தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

அடிமையாக இருந்தவர் சொன்ன சுதந்திரம்

ஸ்டோயிக் சிந்தனையை கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் தொடங்கிவைத்தவர் சீனோ. ஆனால் இன்று ஒருவர் அதைக் கற்க நினைத்தால் எபிக்டெட்டஸிடம் போவதுதான் நல்லது. இன்றைய துருக்கியில் பாமுக்கலே என்று சுற்றுலாப் பயணிகள் போகும் இடத்தில், அன்றைய ஹியராபோலிஸில், கி.பி. 50 வாக்கில் பிறந்தவர். ரோமில் எபாஃப்ரொடிட்டஸ் என்பவரின் அடிமை. அந்த எபாஃப்ரொடிட்டஸே ஒரு காலத்தில் அடிமையாக இருந்து, விடுதலை பெற்று, நீரோ மன்னனின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தவர். எபிக்டெட்டஸுக்கு ஒரு கால் ஊனம். விடுதலை கிடைத்தபின் பாடம் சொல்லத் தொடங்கினார். டொமிஷியன் மன்னன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து விரட்டியபோது கிரேக்கத்தில் நிகோபோலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். தன் கைப்பட எதையும் எழுதி வெளியிடவில்லை. மாணவர் அரியன் எடுத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவர் சொன்னதின் அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. நம் எண்ணம், விருப்பம், வெறுப்பு, ஒன்றை நல்லது கெட்டது என்று நாம் எடுத்துக்கொள்ளும் விதம், இவை நம் கையில். உடம்பு, சொத்து, பதவி, ஊரார் பேச்சு, இவை நம் கையில் இல்லை. முதல் வகையில் மட்டும் மனதை வைத்தவனை யாரும் அடிமைப்படுத்த முடியாது. வசதியான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் எரிச்சல் வரும். காலில் ஊனத்தோடு இன்னொருவருக்குச் சொந்தமான பொருளாக இருந்த மனிதர் சொல்லும்போது நின்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் சித்திரவதைப்பட்டார். அங்கே தன்னை உடையாமல் வைத்திருந்தது எபிக்டெட்டஸிடம் படித்ததுதான் என்று பிற்பாடு பேசியும் எழுதியும் இருக்கிறார். இன்று மனநல ஆலோசனையில் பரவலாகப் பயன்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஆல்பர்ட் எல்லிஸும் ஆரோன் பெக்கும் தங்கள் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது கையில் எடுத்தால் வேலை செய்யும் தத்துவம், அதில் சந்தேகமே வேண்டாம்.

சரி, கட்டிலருகே?

இங்கே எபிக்டெட்டஸ் சொன்ன ஒரு வரி பலரை நடுங்க வைத்திருக்கிறது. பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும்போது, சாகக்கூடிய ஒரு மனித உயிருக்குத்தான் முத்தம் கொடுக்கிறோம் என்று உனக்கு நீயே சொல்லிக்கொள், அது இறந்துபோனால் கலங்க மாட்டாய் என்கிறார். மார்கஸ் அரேலியஸ் தன் நாட்குறிப்பில் இதே வரியை எடுத்து எழுதிவைத்திருக்கிறார். அவர் கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட பேரரசர், பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் சிறு வயதிலேயே இழந்த தகப்பன். இன்னோரிடத்தில், என் குழந்தையை இழக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டாதே, இழக்க அஞ்சாமல் இருக்க வேண்டும் என்று வேண்டு என்று தனக்குத்தானே எழுதிக்கொள்கிறார். அதைக் கல் நெஞ்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த காய்ச்சல் எந்தப் பிள்ளைக்கு வருமோ என்று கிடந்து தவித்தவன் பிடித்துக்கொண்ட வரி அது.

ஆனால் எபிக்டெட்டஸின் வகுப்பில் நடந்த வேறொரு உரையாடல் இருக்கிறது. அதை யாரும் படம் போட்டுப் பகிர்வதில்லை, எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். அரசுப் பதவியில் இருந்த ஒருவர் அவரைப் பார்க்க வருகிறார். குடும்பம் எப்படி இருக்கிறது என்று பேச்சு வருகிறது. என் சின்ன மகளுக்கு உடம்பு மோசமாகிப் பிழைக்க மாட்டாள் என்ற நிலை வந்தது, என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, ஓடிப்போய்விட்டேன், தேறிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன் என்கிறார் அவர். பாசம் தாங்காமல்தான் போனேன், எந்தத் தகப்பனும் அப்படித்தான் என்றும் சொல்கிறார். எபிக்டெட்டஸ் விடவில்லை. அவள் அம்மாவுக்கு அவள்மேல் பாசம் இல்லையா? செவிலிக்கு? அவளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளுக்கு? பாசம் இருப்பதால் அவர்களும் ஓடியிருந்தால், அந்தக் குழந்தை யார் கையில் கிடந்து செத்திருக்கும்? உனக்கு நோய் வந்தால் இப்படிப் பாசம் காட்டும் சொந்தக்காரர்கள் உனக்கு வேண்டுமா? கடைசியில், மகளின் நோய் உன்னை விரட்டவில்லை, அதைப் பார்க்கவே முடியாது என்று நீ முடிவுகட்டியதுதான் விரட்டியது என்ற இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

ஆக, ஸ்டோயிக் கலங்காமல் இருக்கச் சொல்வது ஓடாமல் உட்கார்ந்திருப்பதற்காக. மருத்துவமனை வராந்தாவில் இரவெல்லாம் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வீட்டில் அதிகம் அழுகிறவர் பல நேரம் உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவராக இருப்பதில்லை. எபிக்டெட்டஸ் வயதான காலத்தில், வளர்க்க வழியில்லாமல் கைவிடப்பட இருந்த ஒரு நண்பரின் குழந்தையை எடுத்து வளர்த்தார் என்று அவருக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் வாழ்ந்தது அவர் போதித்ததைவிட ஈரமாகத்தான் இருந்திருக்கிறது.

துக்கத்தைப் பற்றி ஸ்டோயிக்குகளிலேயே நேர்மையாகப் பேசியவர் ரோமானிய எழுத்தாளர் செனெகா. நண்பனை இழந்த ஒருவருக்கு ஆறுதல் கடிதம் எழுதும்போது, அளவோடு அழு என்று புத்தி சொல்லிவிட்டு, என் அன்புக்குரிய செரெனஸ் செத்தபோது நான் அளவில்லாமல் அழுதேன், துக்கத்திடம் தோற்றவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள் என்கிறார். என்னைவிட இளையவன், எனக்கு முன்னால் போவான் என்று நினைத்தே பார்க்கவில்லை என்று காரணமும் சொல்கிறார். முன்கூட்டியே நினைத்திருந்தால் அழுதிருக்க மாட்டேன் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. மாதக் கணக்கில் எதிர்பார்த்திருந்த சாவுக்கும் மனிதர்கள் உடைந்துதான் போகிறார்கள்.

சமூகம் என்று வரும்போது ஸ்டோயிக்குகளிடம் பெருமையும் உண்டு, பெரிய ஓட்டையும் உண்டு. எல்லா மனிதரும் ஒரே ஊரின் குடிகள் என்றார்கள். ஹியராக்ளிஸ் என்பவர், தன்னைச் சுற்றிக் குடும்பம், உறவு, ஊர், நாடு, மனித குலம் என்று வட்டங்களை வரைந்து, வெளி வட்டத்தில் இருப்பவர்களை உள்ளே இழுத்துக்கொண்டே வர வேண்டும் என்று எழுதினார். அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு சேர்ந்து சாப்பிடு என்றார் செனெகா. ஆனால் அடிமை முறையே கூடாது என்று இவர்களில் ஒருவரும் இயக்கம் எடுக்கவில்லை. மனதுக்குள் சுதந்திரமாக இருந்தால் போதும் என்று நம்பிவிட்டால், கழுத்தில் இருக்கும் வளையத்தைக் கழற்றும் அவசரம் குறைந்துவிடுகிறது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடமும் சம்பளம் மறுக்கப்படும் தொழிலாளியிடமும், உன் கையில் இருப்பதை மட்டும் பார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தோட்டமும் ஒரு கிண்ணம் பாலாடைக்கட்டியும்

எபிக்யூரஸ் (கி.மு. 341–270) பெயரைச் சொன்னாலே தின்று குடித்துக் களிப்பவர் என்ற பழி ஒட்டிக்கொள்கிறது. ரொட்டியும் தண்ணீரும் போதும், ஒரு சின்னக் கிண்ணம் பாலாடைக்கட்டி அனுப்பி வை, தோன்றும்போது விருந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதியவர் அவர். ஏதென்ஸுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தார். அந்தக் காலத்துப் பள்ளிகளில் அபூர்வமாக, அங்கே பெண்களும் அடிமைகளும் சேர்ந்து உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள். ஆசைகளை அவர் பிரித்த விதம் இன்றைக்கும் பயன்படும்: இயற்கையாகவும் அவசியமாகவும் இருப்பவை, இயற்கையானவை ஆனால் அவசியமற்றவை, இரண்டும் இல்லாதவை. பெயர், புகழ், பதவி, அளவில்லாத பணம் எல்லாம் மூன்றாவது வகை. அவற்றை விட்டால் சுதந்திரம் தானாக வரும் என்றார்.

தன் சாவைப் பற்றிய பயத்துக்கு இவரைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, ஆகவே அது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இதற்குத் துணை சேர்த்தார்: நீ பிறப்பதற்கு முன்னால் போன எண்ணற்ற காலம் உன்னை ஏதாவது செய்ததா? இறந்தபின் வரும் காலமும் அதே போலத்தான். நள்ளிரவில் விழித்துக்கொண்டு நெஞ்சு அடிக்க உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வாதத்தை ஒரு தடவை நிதானமாக மனதில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் என் சோதனையில் இது பாதிதான் தேறுகிறது. சாவு வரும்போது நான் இல்லை என்பது சரி, என் மனைவி இறக்கும்போது நான் இருப்பேனே? எபிக்யூரஸின் வாதத்தில் இதற்கு இடம் இல்லை. அவர் வாழ்க்கையில் இருக்கிறது. உயிர் நண்பர் மெட்ரொடோரஸ் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். எபிக்யூரஸ் தன் கடைசி நாளில், சிறுநீர் அடைப்பும் வயிற்றுக் கடுப்பும் உச்சத்தில் இருக்க, ஒரு கடிதம் எழுதினார். இந்த வலிக்கு எதிராக நாம் பேசிக்கழித்த நாட்களின் நினைவை நிறுத்திவைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மெட்ரொடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொள்கிறார். உயிலிலும் அந்தப் பிள்ளைகளுக்கு வழி செய்திருக்கிறார். இறந்த நண்பனுக்குச் செய்ய வேண்டியது ஒப்பாரி இல்லை, அவன் விட்டுப்போனவர்களைக் கவனிப்பது. இது அவர் வாதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குறை என்றால், தோட்டத்தின் சுவர். கண்ணில் படாமல் வாழ், அரசியல் பக்கம் போகாதே என்பது அவர் அறிவுரை. கல்யாணம், பிள்ளை என்று போவதிலும் அவருக்கு உற்சாகம் இல்லை. தோட்டம் வாங்க வசதி இருக்கிறவர்களுக்கும், நண்பர்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. நாம் தேர்ந்தெடுக்காமல் நமக்கு வாய்த்தவர்களிடம் என்ன கடமை என்பதற்கு அவரிடம் அதிகம் பதில் இல்லை.

போவதா, இருப்பதா

இருத்தலியத்துக்கு வருவோம். 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் சார்த்தர் பேசிய உரையில், போர்க்காலத்தில் தன்னிடம் வந்த ஒரு மாணவனின் கதையைச் சொன்னார். அவன் அண்ணன் 1940இல் ஜெர்மானியர் தாக்குதலில் கொல்லப்பட்டான். அப்பா அம்மாவோடு சண்டை, ஜெர்மானியருக்கு ஒத்துப்போகிற மனநிலை வேறு. அம்மாவுக்கு இருக்கும் ஒரே பிடிப்பு இவன். இவனுக்கோ இங்கிலாந்துக்குப் போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அண்ணனுக்காகப் பழிவாங்க வேண்டும். போனால் அம்மா உடைந்துபோவாள். அம்மாவுக்குச் செய்வது கண்கூடாகப் பலிக்கும், ஆனால் ஒருத்திக்கு மட்டும். படையில் சேர்வது நாட்டுக்கு, ஆனால் வழியில் ஸ்பெயினில் ஏதாவது முகாமில் மாட்டிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாமலும் போகலாம்.

வேலைக்காக வளைகுடாவுக்கோ கனடாவுக்கோ போவதா, வீட்டில் இருப்பதா என்று தவித்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. மூன்று பேரிடமும் இதைக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்?

எபிக்டெட்டஸ், நீ யார் என்று கேட்பார். மகன், தம்பி, குடிமகன். உறவுகள்தான் கடமையை அளக்கின்றன என்பது அவர் சொன்னதுதான். மகனாகச் செய், விளைவை விட்டுவிடு என்பார். ஆனால் இங்கே மகனும் குடிமகனும் ஒரே ஆளுக்குள் மோதுகிறார்கள், யார் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லும் வழி அவரிடம் தெளிவாக இல்லை. எபிக்யூரஸ் போருக்குப் போகாதே என்றுதான் ஆரம்பிப்பார். ஆனாலும் நண்பனுக்காக உயிரையும் கொடுப்பான் அறிவுள்ளவன் என்று அவர் பள்ளி ஒப்புக்கொண்டிருந்தது, அதனால் அவருடைய பதிலும் முழுசாக மூடிக்கொள்ளாது.

சார்த்தர் சொன்னது: நீ சுதந்திரமானவன், ஆகவே தேர்ந்தெடு, உன் பாதையை நீயே உண்டாக்கு. மதம், அறநூல் எதுவும் உனக்காக முடிவெடுக்காது. அம்மாமேல் பாசம் அதிகம் என்பதால் இருக்கிறேன் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் இருந்து காட்டிய பிறகுதான் அந்தப் பாசம் எவ்வளவு என்பதே தெரியும். ஆலோசனை கேட்க யாரிடம் போவது என்பதைத் தேர்ந்தெடுத்தபோதே நீ பாதி முடிவெடுத்துவிட்டாய்.

இந்தப் பதிலை முதலில் படிக்கும்போது ஏமாற்றமாக இருக்கும். யோசிக்க யோசிக்க, மூன்றில் இதுதான் அந்த மாணவனை ஏமாற்றாத பதில் என்று தோன்றுகிறது. முடிவுக்கு அப்புறம் வரும் உறுத்தலையும் அது அவனிடமிருந்து ஒளிக்கவில்லை. ஆனாலும் சார்த்தர் கதையில் ஒன்று இடறுகிறது. கதை முழுக்க அந்த அம்மா மகன் நெஞ்சில் ஒரு பாரமாக மட்டுமே வருகிறாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மூத்தவனைப் பறிகொடுத்தவள் இளையவனைப் போ என்று சொல்லியிருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? இரு என்றே சொல்லியிருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டே. அவளும் சுதந்திரமான மனுஷி என்பது அந்த உரையில் எட்டிப்பார்க்கவே இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் சிமோன் தெ பொவ்வார். தன்னைச் சுதந்திரமானவளாக விரும்புவது மற்றவர்களையும் சுதந்திரமானவர்களாக விரும்புவதே என்று 1947இல் வந்த அறவியல் நூலில் எழுதினார். என் திட்டங்களுக்கு அர்த்தம் வருவதே அவற்றை எடுத்துத் தொடரும், மறுக்கும், மாற்றும் பிறர் இருப்பதால்தான். கையைக் கட்டிப்போட்டவர்கள் நடுவே நான் மட்டும் சுதந்திரமாக இருப்பதில் பொருள் இல்லை. 1949இல் பெண்களின் நிலை பற்றி எழுதிய பெரிய நூலுக்கும் அடிப்படை இதுதான். மனதுக்குள் சுதந்திரம் என்று ஸ்டோயிக் நிறுத்திக்கொள்ளும் இடத்தில், சட்டம், கூலி, கருத்தடை, வாக்குரிமை என்று இவர் இறங்கிப் பேசுகிறார். பேசியதோடு விடவில்லை. 1960இல் அல்ஜீரியப் போரை எதிர்த்த 121 பேரின் அறிக்கையில் சார்த்தரும் அவரும் கையெழுத்திட்டார்கள். 1971இல், நான் கருக்கலைப்பு செய்துகொண்டேன் என்று 343 பெண்கள் பெயர் போட்டு அறிவித்த அறிக்கையில் அவர் பெயரும் இருந்தது. அன்றைய பிரான்சில் அது தண்டனைக்குரிய குற்றம். 1975இல் சட்டம் மாறியது. சமூகம் பற்றிய கேள்வியில் இந்த மூன்றில் எதை எடுப்பது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

உறவில் கதை அவ்வளவு சுத்தம் இல்லை. 1929இல் சந்தித்த பொவ்வாரும் சார்த்தரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், தங்கள் உறவு முதன்மையானது, மற்றவர்களோடு ஏற்படும் உறவுகள் அதற்கு அடுத்தவை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஐம்பது ஆண்டுகள் அது நிலைத்தது. ஆனால் அடுத்தவை என்று வைக்கப்பட்டவர்கள் மனிதர்கள். அவர்களில் சிலர் பொவ்வாரிடம் படித்த இளம் மாணவிகள். அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1993இல், தான் பட்ட காயத்தைப் புத்தகமாகவே எழுதினார். அதைப் படித்துவிட்டு அந்த ஒப்பந்தத்தைச் சுதந்திரத்தின் முன்மாதிரி என்று என்னால் கொண்டாட முடியாது. எபிக்டெட்டஸும் எபிக்யூரஸும் தங்கள் போதனையைவிட நன்றாக வாழ்ந்தவர்கள் என்றால், இவர்கள் இருவரும் இந்த விஷயத்தில் தங்கள் போதனைக்குக் கீழே வாழ்ந்தவர்கள். போதனையை வைத்தே அவர்களைக் குறை சொல்ல முடிகிறது என்பதால் அதை நான் தள்ளிவிடவில்லை.

சாவில் பொவ்வார் ஆறுதலே தரமாட்டார். சார்த்தர் 1980இல் இறந்த பிறகு, அவர் சாவு எங்களைப் பிரிக்கிறது, என் சாவு எங்களைச் சேர்க்காது என்று எழுதியவர் அவர். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததை அவர் அளவுக்கு எழுதியவர்கள் குறைவு. 1963 அக்டோபரில் அவர் ரோமில் இருந்தபோது, எழுபதைக் கடந்த அம்மா குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்ததில் குடலில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை நடந்தது. அம்மாவிடம் வேறு காரணம் சொல்லப்பட்டது. தேறி வருகிறோம் என்றே அம்மா நம்பினார். சில வாரங்களில் இறந்துபோனார். எழுபது தாண்டிய உறவினருக்காக ஒருவர் மனதார அழுவார் என்பதே எனக்கு முன்பெல்லாம் புரிந்ததில்லை என்கிறார் பொவ்வார். அம்மாவோடு ஒத்துப்போகாத மகள் அவர், அழுகை தன் கட்டுப்பாட்டை மீறி வந்ததைக் கண்டு அவரே திகைக்கிறார். மருந்தின் மயக்கத்தில் பகல் முழுவதும் தூங்கிவிட்ட அம்மா, இன்றைக்கு நான் வாழவே இல்லை, நாட்கள் வீணாகின்றன என்று வருந்துவதையும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுத்தான் என்னால் தொடர முடிந்தது. தனக்கு எத்தனை நாள் மிச்சம் என்று தெரியாத ஒருவர் நாட்களை எண்ணுகிறார், தெரிந்த மகள் பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்கிறாள்.

யாருக்கு எது

உங்களைத் தின்பது உங்கள் சொந்தச் சாவின் பயம் என்றால், அல்லது ஆசைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்றால், எபிக்யூரஸை எடுங்கள். சில கடிதங்களும் பொன்மொழிகளும்தான் முழுசாக மிஞ்சியிருக்கின்றன, ஒரு மாலையில் படித்துவிடலாம். மாற்றவே முடியாத ஒன்றோடு வாழ வேண்டியிருந்தால், நாள்பட்ட நோய், இழந்த கை கால், சிறை, வயதானவரைப் பராமரிக்கும் நீண்ட இரவுகள் என்றால், எபிக்டெட்டஸ். மகளை விட்டு ஓடிய தகப்பனின் உரையாடலில் இருந்து ஆரம்பித்தால் அவரைக் கல்லாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து குறையும். மாற்ற முடிகிற ஒன்றை மாற்றுவதா வேண்டாமா என்ற குழப்பம் என்றால் அவரிடம் போகாதீர்கள், அங்கே அவர் உங்களைச் சும்மா இருக்க வைத்துவிடுவார்.

இன்னொரு மனிதரின் வாழ்க்கையும் கலந்திருக்கும் முடிவு என்றால், நம் முடிவுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான், நான் பொவ்வாரைத்தான் வைத்துக்கொள்வேன். மற்ற இரண்டு பள்ளிகளிலும் எதிரே இருப்பவர் என் அமைதியைக் குலைக்கக்கூடியவராகவோ என் அமைதிக்குத் துணையாகவோ வருகிறார். பொவ்வாரிடம் அவர் என்னைப் போலவே முடிவெடுக்கும் ஆளாக வருகிறார். கட்டிலில் படுத்த பிறகும் அவர் அப்படித்தான்.

இதன் கனம் தெரிய, நம் வீடுகளில் அடிக்கடி வரும் அந்த முடிவை எடுத்துப் பார்க்கலாம். என் பெரியப்பாவுக்குப் புற்றுநோய் என்பது அவரைத் தவிர வீடு முழுக்கத் தெரிந்திருந்தது. வயிற்றில் புண் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவர் அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கச் சொன்னார், பேச்சுவார்த்தை இல்லாத தம்பியைத் தை பிறந்ததும் போய்ப் பார்க்கலாம் என்றார். கார்த்திகையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனம் உடைந்துவிடக் கூடாது என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். பாசத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தம்பியை எப்போது பார்ப்பது என்று முடிவெடுக்க வேண்டிய ஆளுக்கு, அதற்குத் தேவையான ஒரே செய்தியை நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

எபிக்யூரஸ் இந்த இடத்தில், வலியைக் குறை, மிஞ்சிய நாளில் நண்பர்களைக் கூட்டிவை என்பார். எபிக்டெட்டஸ், உன் பயத்தை மறைக்கத்தான் நீ நோயை மறைக்கிறாய் என்று நம்மைத்தான் பிடிப்பார், அது உண்மையும்கூட. பொவ்வார் சொல்வதைப் பின்பற்றினால், கேள்வி நம்மைவிட்டுப் படுத்திருப்பவரிடம் போகிறது. அதற்காக எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்றில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் ஒருவர் எடுக்கக்கூடிய முடிவுதான். வலிநிவாரணச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரிசோதனை முடிவைச் சொல்வதற்கு முன்னால் நோயாளியிடமே கேட்கிறார்கள்: உங்கள் உடம்புக்கு என்ன என்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எல்லாம் விவரமாகத் தெரிய வேண்டுமா, மேலோட்டமாகப் போதுமா, அல்லது வீட்டில் வேறு யாரிடமாவது பேசட்டுமா? வாசலிலேயே மருத்துவரை மடக்கி, அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்கு முன்னால், அந்தக் கேள்விகளை அப்பாவிடம் கேட்கச் சொல்லலாம். பதில் எதுவானாலும் அது அவர் சொன்னதாக இருக்கும்.